நாளுக்கொரு திட்டம்

உடலின் உறுப்புகளுள் சிறுநீர்ப்பையைப் போல் நாழிகைக்கு நாழிகை உருமாறுவன சிலவே. அது நிறையும், வடியும், அண்டையிலுள்ள குடலின் அசைவுக்கேற்பத் தானும் நகரும். இத்தகைய உறுப்பிற் புற்றுநோய் வேரூன்றினால், அதனைக் கதிரினால் எவ்வாறு குறிவைப்பது?

கலைப்பீட மாணவனாகிய எனக்கு இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. லண்டனில் வாழும் என் பெரியப்பாவுக்குச் சிறுநீர்ப்பைத் தசை வரை நோய் பரவியிருப்பது தெரிந்தபோது, வைத்தியர்கள் இரு வழிகளைக் காட்டினர். பையை அகற்றிவிட்டு, வயிற்றின் புறத்தே சிறுநீர் வெளியேற வாயிலொன்று அமைப்பது ஒன்று. பையைக் காத்துக் கதிர்ச்சிகிச்சை பெறுவது மற்றொன்று. 2012 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 360 நோயாளர் பங்குகொண்டனர். கதிருடன் மருந்தும் பெற்றோருள் 67 சதவீதத்தினர் இரண்டாண்டின் பின் அப்பகுதியில் நோயின்றி இருந்தனர். கதிர் மட்டும் பெற்றோருள் 54 சதவீதத்தினர் அவ்வாறிருந்தனர். பெரியப்பா இரண்டாம் வழியைத் தேர்ந்தார்.

அவ்வழியின் இடர் யாது? சிகிச்சைக்கு முன்னர் எடுத்த சி.ரி. படத்தைக் கொண்டு கதிர் பாயும் எல்லையை வகுப்பது பழைய முறை. சிகிச்சையோ 20 அல்லது 32 நாட் பகுதிகளாகத் தொடர்வது. முதற்படத்திற் கண்ட பை பின்னொரு நாளில் அவ்வுருவில் இராது. எல்லையை அகட்டினால் நலமுள்ள குடலிற் கதிர் படும். குறுக்கினால் புற்று தப்பும்.

இவ்விக்கட்டிலிருந்தே புதிய முறை பிறந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று திட்டங்களை முன்னரே வகுத்துவைப்பர். ஒவ்வொரு நாளும் நோயாளி சிகிச்சைப் படுக்கையிற் கிடக்கையிலேயே, கதிர்ப்பொறியோடு இணைந்த கருவி புதுப்படம் எடுக்கும். அன்றைய பையை முற்றாக உள்ளடக்கும் திட்டங்களுள் மிகச் சிறியதையே தேர்வர். “மூண்டு அளவிலை சட்டை தைச்சு வைச்சிருக்கினம், தம்பி, இண்டைக்கு எனக்கு நடுச்சட்டை” என்று பெரியப்பா தொலைபேசியிற் சிரித்தார்.

அச்சிரிப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. கணிப்பின் நுட்பம் என்றால், ஒருமுறை வகுத்ததில் இம்மியும் பிசகாது நிற்றல் என்றே நாம் பெரும்பாலும் பொருள் கொள்கின்றோம். இங்கோ, நாளை என்னவாகும் என்பதை அறியோம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அவ்வறியாமைக்கும் இடம் வைத்துத் திட்டமிடுகின்றனர். பொறி படத்தைத் தரும். பொருத்தமானதைத் தெரிவு செய்வது பயின்ற மனிதரின் கண். அவர் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்கும் அச்சில நிமிடங்களிலும் பை நிறைந்துகொண்டே இருக்கும். அதற்கும் அவர் இடம் விடவேண்டும்.

இம்முறை யாவர்க்கும் ஏற்றதன்று. பையைக் காத்துக்கொண்டவர் பல்லாண்டு உட்காட்டிப் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். நோய் மீளின் சத்திரசிகிச்சையே வழியாகலாம். ஆயினும், நோயாளியை நேற்றைய படமாகக் கொள்ளாது, இன்று வந்திருக்கும் உடலாகவே கொள்ளுதல் மருத்துவத்திற்கு மட்டுமன்றி, மனிதரைப் பற்றிப் பயிலும் எம் துறைகளுக்கும் உரிய ஒழுக்கம் என்பேன்.