ரோஜாச் செடிகளுக்கு அடியில்

பேய்ப் படத்தையும் த்ரில்லரையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது நம் வழக்கம். இரண்டும் அச்சமூட்டுபவைதாம். ஆனால் ஒன்றில் இறந்தவர் திரும்பி வருகிறார், மற்றதில் வருவதேயில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் வளர்ந்த எங்களுக்கு முதல் வகை அச்சம் பழக்கமானது. புளியமரத்துப் பேய் பிடித்த பெண்ணிடம் கோடாங்கி உடுக்கடித்துக் கேட்பார். இறந்தவள் தன் பெயரையும் தனக்கு நேர்ந்த அநீதியையும் சொல்வாள். அங்கே இறந்தவளே சாட்சி.

இரண்டாவது அச்சத்தை எங்களுக்குக் காட்டியது 1978இல் வெளியான 'சிகப்பு ரோஜாக்கள்'. இயக்கிய பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். இசையமைத்த இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். கறுப்புப் பூனை, தனித்த பங்களா, இரவு, கல்லறைத் தோட்டம் எனப் பேய்ப் படத்தின் சாமான்கள் அத்தனையும் அதில் உண்டு. பேய் மட்டும் இல்லை. கொலைகாரன் யார் என்பதும் ஒளிக்கப்படவில்லை. மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பார் ஹிட்ச்காக். திலீப் யாரென்று நமக்குத் தெரியும். மணந்துகொண்ட சாரதாவுக்குத் தெரியாது. அதுதான் வெடிகுண்டு.

சாரதா துணிக்கடையில் வேலை பார்ப்பவள். எங்கள் தெருப் பெண்கள் பலரும் அப்படித்தான். வரன் பார்க்கையில் நாங்கள் விசாரிப்பதும் வீடு, வசதி, தோற்றம் ஆகியவற்றைத்தான். திலீப் மூன்றிலும் தேறிவிடுவான். கோடாங்கியிடம் இதற்குப் பரிகாரம் இல்லை.

படத்தில் உறுத்துவது ஒன்றுண்டு. கொலைகாரனுக்கு முன்கதை இருக்கிறது. கொல்லப்பட்ட பெண்களுக்கு இல்லை. தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கு அடியில் அவர்கள் பேசாமல் கிடக்கிறார்கள். பேய்ப் படமாக இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பார்கள்.

கூடலூருக்கு மேலே மலையெல்லையில், சித்திரா பௌர்ணமிக்கு மட்டும் பக்தர்களை அனுமதிக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் வெட்டுண்ட கோவலன் ஒருகணம் எழுந்து அவள் கண்ணீரைத் துடைக்கிறான். ஆனால் பாண்டியன் அவைக்கு அவன் வரவில்லை. கண்ணகிதான் போனாள், உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம் சாட்சி சொன்னது.

த்ரில்லரின் விதியும் அதுவே. இறந்தவருக்காக உயிரோடிருப்பவர்தாம் தடயத்தைத் தேடியெடுத்து வாய் திறக்க வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் பேய் பேசுவதைக் கேட்க ஊரே கூடும். சந்தேகப்பட்ட பெண்ணொருத்தி பேசும்போது எத்தனை பேர் கூடியிருக்கிறோம்?