பகுதிச் செயற்கைக் கஞ்சாவும் 'இயற்கை' என்ற விளம்பரமும்

ஜேர்மனியில் நீண்டகாலமாக வசித்துவரும் நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன்னர் எனக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தனது மகனின் பையில் அவர் கண்ட இனிப்புப் பொதி ஒன்றின் படம் அது. வண்ணமயமான உறையில் கஞ்சா இலையின் உருவமும் எச்.எச்.சி. என்ற எழுத்துக்களும் காணப்பட்டன. கடைகளில் பகிரங்கமாகவே விற்கிறார்கள், இது சட்டவிரோதமானது அல்ல என்று மகன் வாதிடுவதாக நண்பர் கூறினார். மகன் சொன்னது பொய்யல்ல. ஜேர்மனியில் அந்தப் பொருள் 2024 ஜூன் மாதத்தில்தான் தடைசெய்யப்பட்டது. ஆனால், சட்டவிரோதமானதல்ல என்பதற்காக ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடுமா என்பதே அந்தத் தந்தையைக் குடைந்த கேள்வி. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழும் எமது பெற்றோர்கள் பலர் இதே கேள்வியை எதிர்நோக்குகிறார்கள் என்பதனால் இதுபற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது.

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் அதிகமான கன்னாபினொயிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் போதையைத் தருவது பிரதானமாக டெல்டா-9 ரி.எச்.சி. இஸ்ரேலிய விஞ்ஞானி ரபேல் மெக்கூலமும் அவரது சகாவும் 1964ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை வெளிப்படுத்தினர். செடியில் கிடைக்கும் இன்னொரு முக்கிய சேர்மமான சி.பி.டி. போதையைத் தருவதில்லை. இவை இயற்கையானவை. மறுபுறத்தில், 'ஸ்பைஸ்' என்ற பெயரில் விற்கப்பட்டுப் பல உயிர்களைப் பலியெடுத்த கலவைகளில் இருந்தவை, செடியுடன் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஆய்வுகூடத்தில் முற்றுமுழுதாக உருவாக்கப்பட்டவை. இந்த இரண்டுக்கும் இடைநடுவில் நிற்பவைதான் பகுதிச் செயற்கைக் கன்னாபினொயிட்டுகள். செடியிலிருந்து எடுத்த ஒரு சேர்மத்தை இரசாயன முறையில் இன்னொன்றாக மாற்றிப் பெறப்படுபவை அவை.

இவை சந்தைக்கு வந்த கதையின் ஆரம்பம் ஒரு சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் 2018ஆம் ஆண்டு நிறைவேற்றிய விவசாயச் சட்டம், உலர்நிறையில் 0.3 சதவீதத்துக்கு மேற்படாத டெல்டா-9 ரி.எச்.சி.யைக் கொண்ட கஞ்சா வகையை 'ஹெம்ப்' என்று வரையறுத்து, அதனைப் பயிரிடுவதற்கு அனுமதித்தது. விவசாயிகள் சி.பி.டி.க்காக அதனைப் பெருமளவில் பயிரிட்டார்கள். தேவையை விஞ்சிய உற்பத்தியினால் சி.பி.டி.யின் விலை சரிந்தது. தேங்கிக் கிடந்த சி.பி.டி.யை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சில வியாபாரிகள் இரசாயனவியலில் விடை தேடினர். அமிலத்தின் உதவியுடன் சி.பி.டி.யின் மூலக்கூறு அமைப்பை மாற்றினால் டெல்டா-8 ரி.எச்.சி. கிடைக்கிறது. டெல்டா-9 அளவுக்கு இல்லாவிட்டாலும் இதுவும் போதை தருவதே. சட்டமோ டெல்டா-9 பற்றி மாத்திரமே பேசியிருந்தது. அந்த இடைவெளிக்குள் ஒரு பெரிய வர்த்தகமே நுழைந்துகொண்டது.

எச்.எச்.சி. இதன் அடுத்த படி. ரி.எச்.சி.யுடன் ஐதரசனைச் சேர்ப்பதன் மூலம் அது பெறப்படுகிறது. தாவர எண்ணெயை வனஸ்பதியாக இறுகச்செய்யும் அதே வகையான செயன்முறைதான் இது. இதில் புதுமையும் எதுவுமில்லை. அமெரிக்க இரசாயனவியலாளர் றோஜர் அடம்ஸ் 1940களிலேயே இதனைத் தயாரித்துவிட்டார். எண்பது வருடங்களாக ஆய்வுக் கட்டுரைகளில் உறங்கிக்கிடந்த ஒரு சேர்மம், 2022 மே மாதத்தில் ஐரோப்பாவில் முதற்தடவையாகக் கண்டறியப்பட்டு, குறுகிய காலத்துக்குள் கண்டத்தின் பெரும்பாலான நாடுகளின் கடைகளுக்குப் பரவியது.

பாதுகாப்பு பற்றிய கேள்வி இந்த உற்பத்தி முறையுடன் பின்னிப்பிணைந்தது. அமிலத்தினால் மாற்றும்போது டெல்டா-8 மாத்திரம் உருவாவதில்லை. டெல்டா-9 உட்பட வேறு பல பக்கவிளைபொருட்களும் உருவாகின்றன. அவற்றில் சிலவற்றின் தன்மை இன்னமும் சரிவர அறியப்படவில்லை. சுத்திகரிப்பு ஒழுங்காகச் செய்யப்படாவிட்டால் அமிலமும் கரைப்பானும், வினையூக்கியாகப் பயன்படுத்தப்படும் உலோகங்களின் துகள்களும் எஞ்சியிருக்கக்கூடும். எச்.எச்.சி.யில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது இரு வடிவங்களைக் கொண்ட ஒரு கலவை. ஒன்று ஏறத்தாழ ரி.எச்.சி.யைப் போன்று மூளையில் செயற்படுகிறது, மற்றையது வலிமை மிகக் குறைந்தது. இவற்றின் விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுபடும். ஆகவே, உறையில் குறிப்பிடப்பட்ட மில்லிகிராம் அளவு சரியாக இருந்தாலும்கூட அது எவ்வளவு போதையைத் தரும் என்பதை வாங்குபவர் அறிய முடியாது.

அனுபவமும் கவலை தருவதாகவே இருக்கிறது. 2021 ஜனவரி தொடக்கம் 2022 பெப்ரவரி இறுதிவரையான 14 மாதங்களில் அமெரிக்காவின் நச்சுக் கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு டெல்டா-8 தொடர்பில் 2,362 முறைப்பாடுகள் கிடைத்ததாக அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவித்தது. அவற்றில் 41 சதவீதமானவை 18 வயதுக்குக் குறைந்தவர்கள் சம்பந்தப்பட்டவை. தெரியாமல் உட்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறுவர்களே. இனிப்பைப் போன்று தயாரித்துவிட்டு, குழந்தை அதனை இனிப்பென்று நம்பித் தின்றதற்கு யாரை நோவது? ஜப்பானில் 2023 நவம்பரில் தோக்கியோ நகரின் பூங்கா ஒன்றில் நடந்த விழாவில் பகிரப்பட்ட இனிப்பை உண்ட ஐவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதில் இருந்தது எச்.எச்.சி.எச். என்ற இன்னொரு உறவுப் பொருள். அடுத்த மாதமே அரசாங்கம் அதனைத் தடைசெய்தது.

ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்டது என்பதற்காக ஒரு பொருளை வெறுப்பதும் நியாயமாகாது. முற்றிலும் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட ரி.எச்.சி.யே புற்றுநோய்ச் சிகிச்சையினால் ஏற்படும் குமட்டலுக்கான மருந்தாக 1985ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அந்த மருந்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் பரிசோதிக்கப்பட்டு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வைத்தியர் அதற்குப் பொறுப்பாக இருக்கிறார். கடையில் வாங்கும் எச்.எச்.சி. இனிப்புக்கு அப்படி எவரும் பொறுப்பில்லை. நீண்டகாலப் பாவனையின் விளைவுகள் குறித்து மனிதர்களில் நடத்தப்பட்ட முறையான ஆய்வுகள் இல்லாத நிலையிலேயே அது விற்பனைக்கு வந்தது.

அரசாங்கங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. சுவிற்சர்லாந்து 2023 மார்ச்சிலும் பிரான்ஸ் அதே வருடம் ஜூனிலும் எச்.எச்.சி.யைத் தடைசெய்தன. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு 2025 மார்ச்சில் அதனைச் சர்வதேச கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவந்தது. அமெரிக்காவும் 2025 நவம்பரில் ஹெம்ப் பற்றிய வரையறையை மாற்றி, இத்தகைய பொருட்களை அதிலிருந்து விலக்கும் சட்டத்தை ஓராண்டு அவகாசத்துடன் நிறைவேற்றியது. ஆனால், ஒன்றைத் தடைசெய்தால் மூலக்கூறில் சிறியதொரு மாற்றத்துடன் அடுத்தது வருகிறது. அவ்வாறு வந்தவற்றில் அசிற்றேற்று வகைகளைச் சூடாக்கி உள்ளிழுக்கும்போது நுரையீரலுக்குக் கேடான கீற்றீன் என்ற நச்சுவாயு உருவாவதாக அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். தடையினால் பிறக்கும் புதிய பொருள் பழையதை விடவும் ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

எனவே, பெற்றோர்கள் பிள்ளைகளிடம் சட்டத்தைப் பற்றி மாத்திரம் பேசுவதில் பயனில்லை. இந்த வருடம் சட்டவிரோதமான பொருளுக்குப் பதிலாக அடுத்த வருடம் வேறொரு பெயர் வந்துவிடும். உட்கொள்ளும் இனிப்பின் போதை தலைக்கேறுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகலாம் என்பதையும், ஒன்றும் நடக்கவில்லையே என்று இரண்டாவதை விழுங்குபவர்களே அநேகமாக வைத்தியசாலைக்குப் போகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஏதாவது நேர்ந்தால் ஏச்சுக்குப் பயந்து மறைக்காமல் பொதியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுமாறும் சொல்லவேண்டும். மருந்துகளை முதலில் பரிசோதிப்பார்கள், பின்னர் விற்பார்கள். இங்கு முதலில் விற்கிறார்கள், பரிசோதனை வாங்குபவரின் உடலில் நடக்கிறது. அந்தப் பரிசோதனைக்குத் தாங்கள் சம்மதித்திருக்கிறோமா என்று பிள்ளைகளே தங்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.