மெட்லகாட்லாவில் ஒரு பகல்

அலாஸ்காவின் தென்கோடியில், தீவுகளும் கடற்கால்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமிடத்தில், மெட்லகாட்லா என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அதன் பெயரை நம் கல்லூரி அன்பர்களுட் பெரும்பாலார் கேட்டிருக்கமாட்டார். எனினும் அவ்வூர் பிறந்த கதை திருநெல்வேலிச் சீமையார்க்கு முன்னரே கேட்ட கதைபோலத் தோன்றும். சென்ற கோடை விடுமுறையில், சியாட்டில் நகரில் வாழும் எம் அம்மானுடன் அப்பக்கம் செல்லும் வாய்ப்புக் கிட்டியபோது, பனியாறுகளைக் காண்பதினும் இவ்வூரைக் காண்பதையே யாம் விரும்பினோம். பனி காணாது அலாஸ்காவிலிருந்து மீள்வார் உண்டோ என்று அம்மான் நகைத்தார்.

கெட்சிக்கன் பட்டினத்திலிருந்து ‘லிட்டூயா’ என்னும் சிறிய அரசாங்கக் கப்பலில் சென்றோம். 2004-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய இக்கப்பல் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் செல்வது. பயணம் ஏறக்குறைய முக்கால் மணி நேரமே. கெட்சிக்கனில் ஆண்டொன்றுக்கு 140 அங்குலம் மழை பெய்யுமாம். அன்றும் அது தன் கடமையிற் தவறவில்லை. உடன் வந்தோருட் பலர் மாவும் சீனியும் வண்டிச் சக்கரமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் உள்ளூரார். இருமருங்கும் தேவதாரு மரங்கள் நீர் விளிம்புவரை இறங்கி நின்றன.

வில்லியம் டங்கன் என்பார் குருப்பட்டம் பெறாத ஓர் ஆங்கிலேய இளைஞர். சர்ச் மிஷனெரி சங்கத்தார் அனுப்ப, 1857-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையிலுள்ள சிம்சன் கோட்டையை அடைந்தார். அங்கு வாழ்ந்த சிம்ஷியன் மக்களின் மொழியைப் பல மாதம் இருந்து கற்று, அடுத்த ஆண்டு அம்மொழியிலேயே தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1862-இல் தம்மைச் சார்ந்தோரை அழைத்துக்கொண்டு பழைய மெட்லகாட்லாவிற் குடியேறினார். அவ்வாண்டே பெரியம்மை அக்கரையெங்கும் பரவிப் பல்லாயிரவரைக் கொள்ளை கொண்டது. விலகிச் சென்ற இச்சிறு கூட்டத்தார் பெரும்பாலும் தப்பினர். புதிய விசுவாசிகளுக்குப் புகலிடமாக 1799-இல் தாவீது சுந்தரானந்தம் கண்ட முதலூர் எம் நினைவுக்கு வந்தது.

பின்னர் டங்கனாருக்கும் அத்திருச்சபையின் அத்தியட்சருக்கும் பிணக்குண்டாயிற்று. திருவிருந்து வழங்குவதிலும் சபை ஒழுங்கிலும் இருவரும் ஒத்துப்போகவில்லை. சங்கமும் அவரைக் கைவிட்டது. (பாளையங்கோட்டையில் பெரும்பணி ஆற்றிய ரேனியுஸ் ஐயரை 1835-இல் விலக்கியதும் இதே சங்கமே என்பதை ஈண்டு நினைக்க.) அதன்மேல், மக்கள் வீடு கட்டி வாழ்ந்த நிலம் அவர்களுடையதன்று என்று அரசினரும் கூறினர். 1887-இல் 800-க்கு மேற்பட்டோர் தாம் கட்டிய வீடுகளை விட்டு, எல்லை கடந்து அனெட் தீவில் இறங்கினர். 1891-இல் அமெரிக்கப் பேரவை அத்தீவை அவர்களுக்கென ஒதுக்கிற்று. இத்தகைய ஒதுக்கு நிலம் அலாஸ்கா முழுவதிலும் இஃதொன்றே. இன்றும் ஊரார் தம் கடலில் தாமே மீன்பிடித்து வாழ்கின்றனர்.

ஊரின் நடுவே ஆலயம் நிற்கின்றது. பழைய மர ஆலயம் 1948-இல் எரிந்துபோக, அதன் சாயலில் 1954-இல் எழுந்தது இது. அருகே டங்கனார் அடக்கம் பண்ணப்பட்டிருக்கின்றார். அவர் மறைந்தது 1918-இல். அவர் வாழ்ந்த வீடு இப்பொழுது காட்சிசாலை. ஆலயத்தினும் எம் உள்ளத்தை ஈர்த்தவை, ஊரில் ஆங்காங்கு நிற்கும் குலச்சின்னத் தூண்களே. கழுகு, காக்கை, ஓநாய், கொலைத்திமிங்கிலம் ஆகிய நான்கு குலங்களின் உருவங்களும் செதுக்கிய நெடுமரங்கள் அவை. 1862-இல் குடியேறியோர் பதினைந்து விதிகளுக்கு உடன்பட்டே வந்தனர். சூதும் குடியும் ஒழிக, ஓய்வுநாளை ஆசரிக்க, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புக என்பன அவற்றுட் சில. முகத்தில் வண்ணம் பூசுதலும், பாட்லாச் என்னும் கொடை விருந்தும் அவ்விதிகளாலேயே விலக்கப்பட்டன. தூண் நாட்டும் வழக்கமும் அவற்றோடு அற்றது. ஆகவே இன்று நிற்கும் தூண்கள் பழையன அல்ல. பேரப்பிள்ளைகள் மீண்டும் செதுக்கியவை. இவ்வூரிற் பிறந்த டேவிட் பாக்ஸ்லி என்னும் சிற்பி 1982-இல் இங்கே ஒரு பாட்லாச் விருந்து நடத்தினார்.

குடியை ஒழித்ததும் பள்ளி கண்டதும் நன்றே. ஆயினும் ஒரு மக்களின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே நற்செய்தி கூறிய ஒருவர், அவர்தம் விருந்தையும் சின்னத்தையும் ஏன் அஞ்சினார் என்பது எமக்கு விளங்கவில்லை. அம்மொழியையும் இன்று நன்கு பேச வல்லார் முதியோருள் மிகச் சிலரே.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு மூதாட்டியார் எமக்குத் தேநீர் அளித்தார். டங்கனாரைப் பற்றிக் கேட்டோம். அவரைப் பழித்தால் தம் பாட்டி கல்லறையினின்று எழுந்து வந்து அடிப்பார் என்றும், புகழ்ந்தால் தம் பேரன் சினப்பான் என்றும் கூறிச் சிரித்தார். நீங்கள் கிறிஸ்தவரானபோது உங்கள் மொழி என்னாயிற்று என்று பின்னர் வினவினார். எம் வேதாகமம் தமிழிலேயே உள்ளது என்றும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறையுமுன் எண்ணிறந்த கீர்த்தனைகளை எம் நாட்டு இராகங்களிற் பாடிச் சென்றார் என்றும் சற்றே பெருமிதத்துடன் சொன்னோம். ஒன்று பாடுக என்றார், பாடினோம். இதற்கு எம்முரசு கொட்டுவீர் என்றார். தபேலா என்றோம். உங்கள் ஊருக்கே உரிய முரசு இல்லையோ என்றார்.

பறை உண்டு, எம் ஊர் ஆலயத்துள் அது புகுந்ததில்லை என்றோம். அது எம் முன்னோர் சிலர்மேல் இழிவாகச் சுமத்தப்பட்ட ஊழியம். அதனை விட்டு நீங்கியதையே அவர்கள் விடுதலையெனக் கொண்டனர். இவர்களுடைய தூண்களோ தலைவர்களின் பெருமைச் சின்னங்கள். இவ்வேறுபாட்டை எமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எடுத்துரைத்தோம். மூதாட்டியார் நெடுநேரம் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். இப்பொழுது உங்கள் ஊரில் அதனைக் கொட்டுவோர் எவர் என்று கேட்டார். எம்மோடு படிக்கும் மாணவர் சிலர் கல்லூரி விழாக்களில் விரும்பிக் கொட்டுகின்றனர் என்றோம்.

தம் பேரனும் அன்று மாலை முரசுப் பயிற்சிக்குச் செல்வான், இருந்து கேட்டுச் செல்லலாமே என்றார். கப்பல் புறப்பட ஒரு மணி நேரமே இருந்தது.