ஜவ்வாது மலையிலிருந்து கொடுங்கையூருக்கு

ஜமுனாமரத்தூர்

அன்புள்ள சேகர்,

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு மழுப்பிவிட்டேன். "எங்கள் பேட்டையில் குப்பையை எரித்து 21 மெகாவாட் கரண்ட் எடுக்கப் போகிறார்களாம். நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்றாய். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. இங்கே பொழுது சாய்ந்தால் செய்ய வேலை இல்லை, செல்போன் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. அதனால் காகிதத்தில் சொல்கிறேன்.

போளூரில் பஸ் ஏறி, அத்திமூரைத் தாண்டினால் மலைப்பாதை. வளைந்து வளைந்து மேலே வந்தால் சாமைக் கொல்லை, பலா, புளியமரம், நடுநடுவே ஓட்டு வீடுகள். மலைக்கு அந்தப் பக்கம் காவலூரில், வானம் இருட்டாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்பதற்காகவே வைத்த வைணு பாப்பு தொலைநோக்கி. நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களைவிட அருவி பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். சனி, ஞாயிறில் காரும் பைக்குமாக வந்து குளித்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் கொண்டுவந்ததில் பாதி இறங்குவதில்லை. மழை வந்தால்தான் இறங்கும். செய்யாறு பிறப்பது இந்த மலையில். இங்கே எறிந்தது தண்ணீரோடு ஊர் ஊராகப் போகும்.

மலைவாழ் மக்களிடம் குப்பையே கிடையாது என்று சிலர் உருகி உருகி எழுதுவார்கள். நம்பாதே. பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டும் சிப்ஸ் பாக்கெட்டும் சரம் சரமாக இங்கேயும் தொங்குகின்றன. நம் தெருவில் விழுகிற அதே குப்பைதான், அளவுதான் கொஞ்சம். கொஞ்சமாக இருப்பதால் அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. கொடுங்கையூரில் அது மலையாகக் கிடப்பதால் எதில் என்ன இருக்கிறதென்றே தெரிவதில்லை.

ஒரு கிராமத்தில் தூய்மைக் காவலர் அக்கா ஒருவர் மூன்று சக்கர வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை மிதித்துத் தட்டையாக்கி ஒரு சாக்கில் போட்டார். அட்டைப்பெட்டி இன்னொன்றில், பால் கவர் வேறொன்றில். வேகமாகப் போய்க்கொண்டிருந்த கை பிரியாணிப் பொட்டலத்தில் வந்து நின்றுவிட்டது. வெள்ளிக் காகிதம், உள்ளே வாழையிலைத் துண்டு, எலும்பு, மிச்சச் சோறு, எல்லாவற்றையும் சேர்த்துக் கேரி பேக்கில் திணித்துக் காதை இறுக்கி ஒரு முடிச்சு. நகத்தால் நிமிண்டிப் பார்த்தார், பிறகு கிழித்தார். புளித்த வாடை குப்பென்று அடித்தது.

"இந்த முடிச்சுதாங்க எங்க உசுர எடுக்குது" என்றார். "பிரிச்சுக் குடுத்தா சோறு எருவுக்கு, கவரு காயலான் கடைக்கு. முடிச்சு போட்டுட்டா ரெண்டும் பாழ்."

உன் கேள்விக்குப் பதில் அந்தப் பேச்சில் இருக்கிறது, சேகர். மற்றதெல்லாம் கணக்குதான், அதையும் கேள்.

நம் ஊர்க் கலப்புக் குப்பையில் ஏறத்தாழ பாதி ஈரம்: சோறு, காய்கறித் தோல், தேங்காய் நார், இலை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஈர விறகை அடுப்பில் திணித்தால் முதலில் புகையும் கண்ணீரும்தானே வரும்? உலையிலும் அதே கதைதான். குப்பை தன் சூட்டில் கணிசமான பங்கைத் தன்னை உலர்த்திக்கொள்ளவே செலவழிக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை அல்ல. டெல்லி திமார்பூரில் 1987-லேயே டென்மார்க் நாட்டு உலை ஒன்றை நிறுவினார்கள். நாளொன்றுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். உலை கேட்டது கிலோவுக்கு 1,400 கிலோ கலோரிக்கு மேல் சூடு தருகிற குப்பை. டெல்லிக் குப்பை தந்ததோ அதில் பாதி அளவு. ஈரமும் மண்ணும் சேர்ந்து, சோதனை ஓட்டம் 21 நாளில் நின்றது. அந்த உலைமீது எனக்குக் கோபமில்லை. ஐரோப்பியக் குப்பைக்குச் செய்த வயிறு அது. நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை.

"ஜப்பானில் நகரத்துக்குள்ளேயே எரிக்கிறார்களே" என்பாய். எரிக்கிறார்கள். அங்கே வீட்டு வாசலிலேயே எரிவது, எரியாதது, புட்டி, டப்பா என்று பிரித்து, அதற்கதற்கு உரிய கிழமையில்தான் வெளியே வைக்கிறார்கள். புகையை வடிகட்டவும், மிஞ்சும் சாம்பலைப் பத்திரமாகப் புதைக்கவும் பணத்தைக் கொட்டுகிறார்கள். எரித்த பிறகும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நாலில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதில் புகைபோக்கியில் பிடிபடும் நுண்சாம்பல் நச்சுக் கழிவு. குப்பை மேட்டை ஒழித்து நச்சுச் சாம்பல் மேட்டுக்குக் காவல் இருக்கிற நிலை உன் பேட்டைக்கு வரக்கூடாது.

அப்படியானால் குப்பையில் சக்தியே இல்லையா? இருக்கிறது. ஈரக் குப்பையில் இருக்கும் சக்தியை நெருப்பை வைத்து எடுக்க முடியாது, அவ்வளவுதான். காற்றுப் புகாத தொட்டியில் புளிக்க விட்டால் நுண்ணுயிர்கள் மீத்தேனாக்கிக் கொடுத்துவிடும். நம் அப்பா காலத்துக் கோபர் கேஸ்தான். 25 கிலோ சாணம் போட்டால் ஒரு கன மீட்டர் வாயு. இந்த மலையில் மார்கழிக் குளிரில் அந்த நுண்ணுயிர்கள் கொஞ்சம் சுணங்கும். சென்னை வெயிலுக்கு அந்தக் கவலையும் இல்லை. கோயம்பேடு சந்தைக் கழிவுக்காக நாளொன்றுக்கு 30 டன் அளவில் ஒரு நிலையத்தை 2005 வாக்கிலேயே அமைத்தார்கள். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த நிலையம் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பைக்கானது. 17,000 கிலோ வாயு எடுத்துப் பஸ் ஓட்டும் திட்டம். எல்லோரும் அந்த எந்திரத்தைத்தான் படமெடுக்கிறார்கள். இந்தூரில் நடந்த அசல் வேலை வீட்டு வாசலில் நடந்தது. அங்கே குப்பை வண்டியிலேயே தனித்தனி அறைகள், பிரிக்காத குப்பையை வாங்குவதில்லை.

இங்கிருந்து பக்கத்தில்தான் வேலூர். அந்த ஊர் சி. சீனிவாசன் இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருவதும் இதையேதான்: குப்பை நாறுவதற்குள் பிரித்துவிட்டால் அது குப்பை இல்லை. காய்கறிக் கழிவை மாட்டுக்குப் போடுகிறார், சாணத்திலிருந்து வாயுவும் எருவும் எடுக்கிறார். அவருடைய முறையை எடுத்துக்கொண்டு சத்தீஸ்கரின் அம்பிகாபூர் ஊர்க் குப்பைமேட்டையே பூங்காவாக மாற்றிவிட்டது. வேலையைச் செய்தவர்கள் மகளிர் குழுப் பெண்கள். தமிழ்நாட்டுச் சரக்கை வெளியூர்க்காரன் வாங்கிப் பயன்படுத்த, நாம் டெண்டர் விட்டுக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மக்காததற்கு வருகிறேன். பாட்டிலுக்கும் அட்டைக்கும் காயலான் கடையில் விலை உண்டு, அவை தாமாகவே போய்விடும். தலைவலி கொடுப்பது மெல்லிய கவர்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடேற்றிய ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினார். 160, 170 டிகிரியில் அது உருகி ஜல்லிக்குச் சட்டை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. அதன்மேல் தார். 2002-ல் கல்லூரி வளாகத்துக்குள் முதல் சாலை. ஒற்றைத் தடச் சாலை என்றால் கிலோமீட்டருக்கு ஒரு டன் பிளாஸ்டிக் உள்ளே போய்விடும், அந்த அளவுக்குத் தார் மிச்சம், தண்ணீரும் எளிதில் இறங்காது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஒரு நிபந்தனை உண்டு: பிளாஸ்டிக் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும், பி.வி.சி. கலக்கக் கூடாது. பிரியாணி ஒட்டிய கவர் அங்கேயும் உதவாது.

கடைசியாக மிஞ்சுகிற கந்தல், செருப்பு, பல அடுக்குப் பொட்டலம் ஆகியவை சிமெண்ட் சூளைக்குப் போகலாம். அங்கே 1,400 டிகிரிக்கு மேல் சூடு, சாம்பலும் சிமெண்டுக்கான கிளிங்கரிலேயே கலந்துவிடும். சென்னைப் பெருங்குடிக் குப்பை மேட்டைத் தோண்டிச் சலித்தபோது கிடைத்த எரியும் சரக்கு அப்படித்தான் போனது. எரிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. வரிசையில் அது கடைசியில் நிற்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்குக் குறையாத குப்பையைத்தான் எரிசக்திக்கு அனுப்பச் சொல்லியிருந்தன.

இந்த மலைக்கு ஒரு யோசனை தோன்றியது. நீலகிரியில் உயர் நீதிமன்றம் சொன்னபிறகு, 2022-ல் டாஸ்மாக் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தந்தார்கள். யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த புட்டிகள் கடைக்கே வரிசையாகத் திரும்பின. ஜவ்வாது மலைக்கு ஏறும் பொட்டலத்துக்கும் பாட்டிலுக்கும் அதே பத்து ரூபாயை வைக்கலாம். பிரசங்கத்துக்கு இறங்காத குப்பை காசுக்கு இறங்கும்.

இனி உன் பேட்டை. அங்கே சேர்ந்திருந்த பழைய குப்பை ஏறத்தாழ 66 லட்சம் டன். அதைத் தோண்டிப் பிரிக்கிற வேலை நடக்கட்டும், அது தேவை. புதிய உலை விஷயத்தில் 2025 மே மாதம் மனிதச் சங்கிலியில் கைகோத்து நின்ற உங்கள் பக்கம்தான் நான். ஆனால் 'வேண்டாம்' என்பதோடு நிற்காதீர்கள். உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று தெருவைத் தேர்ந்தெடுங்கள். ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுப்போம், கலந்த குப்பையை வாங்காதீர்கள் என்று வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். அந்த ஈரக் குப்பைக்கு வட்டாரத்துக்குள்ளேயே எருக்கூடமும் வாயு நிலையமும் கேட்டு மனு கொடுங்கள். மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்