வடசென்னை வழியே: சடையங்குப்பத்து மொட்டை மாடி

மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தாண்டி வடகிழக்கே போனால் சடையங்குப்பம். பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகத்தைத் தேடிப் போகும் தாழ்நிலம் இது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் ஆறு வழியாக வந்து இந்தப் பக்கத்தைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட நாளில் மொட்டை மாடி இருப்பவருக்கு அதுதான் கூடம், அதுதான் அடுப்படி.

இங்கே நடக்கையில் சிங்கப்பூரின் மரீனா அணைக்கட்டுதான் எனக்கு நினைவில் ஓடியது.

2008-இல் திறந்தார்கள். 350 மீட்டர் அகலம், ஒன்பது மதகுகள். கடல் வற்றியிருந்தால் மதகு வழியே மழைவெள்ளம் தானாக வெளியேறும். ஓதம் ஏறியிருந்தால் ஏழு ராட்சத பம்புகள் இறைத்துத் தள்ளும். அந்த பம்புக் கட்டடத்தின் கூரை முழுக்கப் புல்வெளி. சரிவுப் பாதையில் யாரும் ஏறலாம், டிக்கெட் கிடையாது. மாலையானால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பட்டம் விடுகிறார்கள். நம் ஊரில் பம்பு நிலையம் என்றால் பூட்டிய கேட்டும் ‘அந்நியர் உள்ளே வரக்கூடாது’ பலகையும்தானே!

கூரையில் மக்கள் கூடுவது சென்னைக்கும் புதிதல்ல. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் மாடியில் 800 பேருக்கு மேல் அமரும் திறந்தவெளி அரங்கு இருக்கிறது.

சடையங்குப்பத்தில் ஒரு சமூகக்கூடத்தின் மேல் இப்படிச் செய்வதென்றால், தூண் எழுப்பும்போதே முடிவெடுக்க வேண்டும். ஆள் ஏறும் சாதாரண மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கினால் போதும். கூட்டம் கூடும் இடத்துக்கு 500 கிலோ வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. ஓரடி மண் மழையில் ஊறினால் அதுவே ஏறக்குறைய அரை டன். ஆகவே பழைய பள்ளிக்கூட மாடியில் மண்ணைக் கொட்டித் தோட்டம் என்று திறப்புவிழா நடத்துவது ஆபத்து. தென்னைநார்க் கழிவு கலந்த கலவை எடையைக் குறைக்கும். வேர் இறங்காமல் தடுப்பு விரிக்காவிட்டால், தட்டோடு பதித்த தளம் ஒழுகத் தொடங்கும்.

உப்புக் காற்றில் ரோஜாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடற்கரை மணலில் தானாகவே படரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் போதும். நிழலுக்குக் கொட்டகை, அதன்மேல் சூரியத் தகடு, பக்கத்தில் குடிநீர்த் தொட்டி.

படிக்கட்டு மட்டும் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். நள்ளிரவில் தண்ணீர் வந்தால் சாவிக்காரரைத் தேடி ஓட முடியாது. கட்டிலோடு ஒரு முதியவரைத் தூக்கிக்கொண்டு ஏறும் அகலமும் அதற்கு வேண்டும்.

அடுத்த இதழில் எண்ணூர் முகத்துவாரம்.