உரோமையும் லிஸ்பனும்

சவேரியார் திருநாளுக்கு முந்திய மாலை. கப்பலுக்குக் காலம் தப்பியதால் விமானத்தில் ஏறவிருந்த பின்னலாடைப் பெட்டி ஒன்றின்மீது ‘உரோமை’ என்னும் பெயரைக் கண்டோம். வேறொரு பயணம் நினைவில் எழுந்தது.

1540 மார்ச்சில் உரோமையை விட்டுப் புறப்பட்ட புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு, தரைவழியே லிஸ்பன் சேர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. வான்வழியே 1,900 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அத்தொலைவை இன்று விமானம் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் கடக்கிறது. 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறியவர் கோவாவை அடைந்தது 1542 மே மாதத்தில். அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழறியாத அவர், பிறர் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கைமணி அடித்துத் தெருத்தெருவாய்ச் சிறுவரை அழைத்தார்.

நம் திருப்பூரில், பனியன் கம்பெனி வேலைக்கென ஜார்க்கண்டிலிருந்து இரண்டு நாள் இரயிலில் வந்த இளைஞர்கள், ஞாயிறு திருப்பலியில் நமக்குப் பின்னால் முழந்தாளிடுகின்றனர். சமாதானம் பகிர்கையில் கைகூப்புவோம். அதற்குமேல் ஒரு சொல் பேசியதில்லை. இந்தி தெரியாதென்பதே பல ஆண்டுகளாய் நாம் சொல்லிவந்த சாக்கு.

சென்ற ஞாயிறு, ஒருவரிடம் தயங்கித் தயங்கிப் பெயர் கேட்டோம். அவர் தமிழிலேயே விடையளித்தார்.