சைலன்சர் இருந்த இடத்தில்

டர்போவைக் காரின் வாலில் கட்டலாம் என்று முதலில் யோசித்தவர், சின்னக் கார் ஒன்றின் பானெட்டைத் தூக்கிப் பார்த்துச் சலித்துப் போனவராகத்தான் இருக்க வேண்டும். மாருதி 800-ல் ரேடியேட்டரும் பேட்டரியும் போக மிஞ்சும் சந்தில் ஸ்பானரைத் திருப்பவே மணிக்கட்டு வலிக்கும். பழுக்கக் காய்கிற டர்போவுக்கு அங்கே எங்கே இடம்? வண்டிக்கு அடியிலோ, சைலன்சர் தொங்கும் மூலை தாராளமாகக் கிடக்கிறது. சைலன்சரைக் கழற்று, டர்போவை மாட்டு, அது அமுக்கிக் கொடுக்கும் காற்றை நீளக் குழாய் வழியே முன்னால் அனுப்பு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்குயர்ஸ் டர்போ சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இதையே வியாபாரமாக நடத்தியது. அவர்கள் பேர் வாங்கியது பெரிய வி-8 எஞ்சின்களில். 800 சிசியில் கதை வேறு.

எஞ்சினை விட்டு வெளியேறும் புகை, போகிற வழியெல்லாம் சூட்டை இழக்கிறது. 800 டிகிரி செல்சியஸில் கிளம்பியது வால்முனைக்கு வரும்போது 400 டிகிரியாகியிருந்தால், அதன் கன அளவு மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே சுருங்கியிருக்கும். டர்பைனைச் சுழற்றுவது அந்தச் சூடும் அழுத்தமும்தான். ஆகவே டர்பைன் பக்கத்து ஹவுசிங், எஞ்சினை ஒட்டி மாட்டுவதைவிடச் சின்னதாக, குறுகிய வாயோடு இருக்க வேண்டும். கம்ப்ரசர் பக்கத்துக்குக் கணக்கு வேறு. எஞ்சின் எவ்வளவு காற்று கேட்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. நான்கு ஸ்ட்ரோக் 800 சிசி எஞ்சின் 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 2,400 லிட்டருக்கு மேல் இழுக்க முடியாது. அரை பார் பூஸ்ட் கொடுத்தால் வெளிக்காற்றுக் கணக்கில் 3,600. நடைமுறையில் இரண்டுமே இன்னும் குறையும். பெரிய டர்போவுக்கு இது பசிக்கே காணாது.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து ஸ்பிண்டிலோடு பழகிய ஊருக்கு இதன் மிச்சத்தைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்றை நெருங்கினாலே மில்லில் அது பேச்சுப் பொருள். சின்ன டர்போவின் தண்டு 2,00,000 சுற்றைத் தொடும். இரண்டுக்கும் உயிர் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் கெட்டால் ஸ்பிண்டில் ஆடத் தொடங்கும். டர்போ தண்டோ மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேலேயே மிதப்பது, படலம் அறுந்தால் தீர்ந்தது. வாலில் கட்டும்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. டர்போ ஆயில் சம்ப்பைவிடத் தாழ்வாகத் தொங்குவதால் எண்ணெய் தானாகத் திரும்பி வராது. இழுத்து அனுப்பத் தனி பம்ப் வேண்டும். அது நின்றால் எண்ணெய் டர்போவுக்குள் தேங்கி, சீல் வழியே கசிந்து, நீலப் புகையாக ஊருக்கே அறிவிப்புக் கொடுக்கும்.

பட்டறைப் பேச்சு இப்படித்தான் ஓடும்.

"அண்ணே, பழைய ஸ்விஃப்ட் டீசல் டர்போ ஒண்ணு கெடைக்குது, போட்டுருவமா?"

"டீசல் டர்போவ பெட்ரோல்ல போட்டா வெந்துரும்டா."

பொதுவாக அண்ணன் சொல்வதுதான் சரி. பெட்ரோல் புகை டீசல் புகையைவிடச் சூடு அதிகம். டீசலுக்கென்று வார்த்த டர்பைன் அதை வெகுநாள் தாங்காது. ஆனால் சைலன்சர் இருந்த இடத்தில் தம்பி ஜெயிக்கிறான். புகை அங்கே வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறதே! 1,248 சிசி டீசலுக்குச் செய்த அந்தச் சின்ன டர்போ, அங்கே உட்காரத் தகுதியானது. ஸ்கிராப்பில் மலிவாகக் கிடைத்தது என்று சுமோவின் பெரிய டர்போவைத் தூக்கி வருகிறவர்களுக்குத்தான் யாரும் நல்லது சொல்ல முடியாது.

அதிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்–ராஜபாளையம் சாலையில். சுமார் 12 கிலோமீட்டர்தான் தூரம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் பெரிதாக இருந்தாலும், பால்கோவா கடை வாசலில் கார் நிற்கும், பஞ்சு லாரி திரும்பும், டவுன் பஸ் கை காட்டினவருக்கெல்லாம் பிரேக் போடும். 6,000 சுற்றைப் பார்க்க அங்கே வாய்ப்பே இல்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வேலை செய்யாத டர்போ, அந்தச் சாலையில் வெறும் பாரம்.

சாலையை ஒட்டியே போகும் ரயில் பாதைதான் டர்போவின் சோம்பலை இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு முதலில் காட்டியது. யாரும் அதை அந்தப் பெயரில் சொல்லவில்லை, அவ்வளவுதான். விருதுநகர்–தென்காசி பாதை மீட்டர் கேஜாக இருந்த நாளில் வந்த டீசல் எஞ்சின் ஒய்.டி.எம்-4. முதலில் அமெரிக்காவின் ஆல்கோவும் பிறகு வாரணாசித் தொழிற்சாலையும் கட்டியது. வரிசையாக ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன், தலைமேல் டர்போ. கார்டு பச்சைக்கொடி காட்டியதும் டிரைவர் நாட்ச் நாட்ச்சாக ஏற்றுவார். பெட்டி அசைவதற்கு முன்பே எஞ்சின் உச்சியிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழும். வெள்ளை வேட்டிக்காரர்கள் ஜன்னலை விட்டு முகத்தை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல பிளாட்பாரத்தில் எப்போதும் ஒருவர் இருப்பார். உண்மையில் எஞ்சின் நலமாகவே இருந்தது. நாட்ச் ஏறியதும் டீசல் உடனே உள்ளே போய்விடுகிறது. அதை எரிக்கத் தேவையான காற்றைத் தர வேண்டிய டர்போவோ, புகை பெருகி வந்து தன்னை உருட்டினால்தான் வேகம் பிடிக்கும். அந்தச் சில நொடிப் பற்றாக்குறைதான் கரியாக மேலே போனது. வண்டி வேகம் பிடித்ததும் புகை வெளுத்து, வெறும் கானலாக நடுங்கும். எஞ்சினோடு ஒட்டியிருந்த டர்போவுக்கே இந்தக் கதி. வால்வரை குழாய் இழுத்தவர், அத்தனை நீளக் குழாயிலும் அழுத்தம் நிரம்புவதற்காகவும் காத்திருக்க வேண்டும்.

இந்தத் தூரத்தைப் பற்றி ஜப்பானிய மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் நான்கும் 1980-களின் முதல் பாதியில் தங்களுக்குள் ஒரு சண்டையே போட்டன. ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போ 497 சிசி. அதன் டர்பைன் சக்கரம் சுமார் 50 மில்லிமீட்டர் குறுக்களவுதான். யமஹா எக்ஸ்ஜே650 டர்போவில் அதை எஞ்சினுக்குப் பின்னால், கீழே ஒளித்துவைத்தார்கள். சக்கரம் இன்னும் சின்னது, சுமார் 39 மில்லிமீட்டர். சுசுகியும் பின்பக்கம்தான் போனது. கடைசியில் வந்த கவாஸாகி 750 டர்போ, எக்சாஸ்ட் வாயை ஒட்டி முன்னாலேயே வைத்து, திராட்டிலைத் திருகியதும் வண்டி எழுகிறது என்று பெருமை அடித்துக்கொண்டது. பத்திரிகைகளும் ஆமோதித்தன. ஆனாலும் சில வருஷத்துக்குள் நான்குமே கடையிலிருந்து போய்விட்டன. விலையும் எடையும் ஏறிப்போன வண்டியைவிட, பெரிய எஞ்சின் வைத்த சாதாரண வண்டி மலிவாக அதே வேகம் போனது.

மாருதி 800-ன் ஜப்பானிய உறவுக்காரன் சமாச்சாரம் இதைவிட வயிற்றெரிச்சல். 1987-ல் சுசுகி வெளியிட்ட ஆல்டோ வொர்க்ஸ், வெறும் 543 சிசி மூன்று சிலிண்டரில் டர்போ வைத்து 64 குதிரைத்திறன் காட்டியது. இங்கே 796 சிசி எஞ்சின் நாற்பதைத் தொடவே திணறிக்கொண்டிருந்தது. அந்த வித்தியாசத்தை வாலில் கட்டி ஈடுகட்டப் பார்க்கிறவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

சட்டத்துக்கு மனம் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே இந்த வண்டிகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு டிராக்குக்குத்தான் போக வேண்டும். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர்தான். நேர்ப் பாதை நீளாது, வளைவுக்கு வளைவு காலை எடுத்து எடுத்து மிதிக்க வேண்டும். சுமோ டர்போக்காரருக்கு அங்கேயும் பூஸ்ட் ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.